மாமனாரின் சமாதியில் தண்ணீர்

ஆன்டோங்,
அதிக மாதம் பதினோராம் நாள்

குவோன் குடும்பத்துக்கு மூத்தவரான பெரிய மாமா அவர்களுக்கு, தங்கள் தம்பியின் மருமகள் ஹெசுக் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. மழைக்குளிர் தங்கள் முழங்காலைப் படுத்தாமல் இருக்கும் என்று நம்புகிறேன். இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. கை வரவில்லை, மன்னிக்கவும்.

என் மாமனாரின் சமாதியை நேற்றுத் திறந்தோம். என் வீட்டுக்காரர் தேசொப்பின் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் மருத்துவர் உடனே அறுக்க வேண்டும் என்றார். நிலம் பார்க்கும் நாம்குங் ஐயா, சமாதியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, மகன் வயிறு வீங்குவது அதனால்தான் என்றார். தாங்களோ அதிக மாதம் பிறக்கும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்றீர்கள். மூவரில் தோற்றது மருத்துவர்தான். அப்பா நனைந்த சட்டையோடு கனவில் வருகிறார் என்று சொல்லி, "முதல்ல அவரைக் கரையேத்துங்க, அப்புறம் என்னை அறுங்க" என்று இவர் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இவரைக் கவனித்துக்கொள்ளும் சீனத்து அக்கா இதைக் கேட்டுவிட்டு, "இந்த சாஸ்திரமெல்லாம் எங்க ஊர்லேருந்து வந்ததுதானே? எங்கப்பாவை நாங்க எரிச்சு ஜாடியில வெச்சாச்சு. நீங்க எங்களைவிடப் பெரிய சீனாக்காரங்களா இருக்கீங்களேம்மா!" என்றாள். நான் பேரிக்காயை உரித்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடத்தான் ஆளில்லை.

அதிக மாதத்தில் தெய்வங்கள் விடுப்பில் போய்விடும், எதைத் தோண்டினாலும் கேட்க ஆளிருக்காது என்பீர்கள். தோண்டவும் ஆள் கிடைப்பதில்லை மாமா, ஊரே இந்த மாதத்தில்தான் தோண்டுகிறது. பத்து நாள் காத்திருந்து வந்த இயந்திரம் மலையேறும்போது சேற்றில் புதைந்தது, அதைத் தோண்டியெடுக்க இன்னொன்று வந்தது, அது மலைத்தெய்வத்துக்கு வைத்த அரிசிக் கள்ளைக் கவிழ்த்தது, நாம்குங் ஐயா "ஏத்துக்கிட்டார், ஏத்துக்கிட்டார்!" என்று கத்தினார். நாலு பக்கமும் மண்வெட்டியைக் குத்தி "சமாதி உடையுது!" என்று மகன்தான் கூவ வேண்டுமாம். மூன்றாவது பக்கத்தில் இவர் குரல் நின்றுவிட்டது, நாலாவதை நான் கூவினேன். அப்புறம் "இன்னிக்கு ஆட்டு வருஷத்துக்காரங்களுக்கு ஆகாது, திரும்பி நில்லுங்க!" என்றார் ஐயா. ஆட்டு வருஷத்தில் பிறந்தவர் இவர் ஒருவர்தான். பெல்ட்டில் புதிதாகக் குத்திய மூன்றாவது ஓட்டையோடு பைன் மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.

மூடியைத் தூக்கினோம். பிறகு இவரைக் கூப்பிட்டோம். தண்ணீர்தான் மாமா, நாலு விரல் ஆழம். "எத்தனை வருஷமாப்பா இப்படி நனைஞ்சிட்டிருந்தீங்க, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று குழியோரத்தில் விழுந்து அழுதார். எலும்புகளைத் துடைத்து, சணல்துணியில் சுற்றி, மேட்டில் புதுக்குழியில் வைத்தோம். மாலையில் அரைக்கிண்ணம் சூப் குடித்துவிட்டுப் பேனா கேட்டார். ஆஸ்பத்திரியின் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று. வியாழன் காலை அறுவை சிகிச்சை.

தங்கள் ஆயுளும் குடும்பத்தின் பெயரும் நீள வேண்டுமென்று வணங்கும்,
ஹெசுக்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். இந்தத் தாளை மட்டும் கிழித்துவிடுங்கள். தம்பி சமாதியிலேயே தண்ணீர் என்றால் தங்கள் அப்பா சமாதியையும் இந்த மாதமே திறந்துவிடுவதாக நேற்று போனில் சொன்னீர்கள். திறக்காதீர்கள். தங்கள் தம்பி சமாதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை மாமா. "நாப்பது வருஷமா தோண்டுறேன், இப்படி உலர்ந்த மண்ணைப் பார்த்ததில்லம்மா" என்றான் இயந்திரக்காரன். எலும்புகள் பொன்னிறமாக இருந்தன. அதைவிட நல்ல இடம் கிடையாது என்று தங்களுக்கே தெரியும். நல்ல இடத்தைக் கலைத்தோம் என்று தெரிந்தால் இவர் அடுத்த அதிக மாதம்வரை, மூன்று வருடம், படுத்தே இருப்பார். அத்தனை நாள் இவருக்கு ஏது? ஆட்கள் கைகால் கழுவக் கொண்டுவந்த மூன்று கேன்களையும் நான்தான் குழியில் ஊற்றினேன். நாம்குங் ஐயா மூன்றாவது கேனின் மூடியைத் திறந்து கொடுத்தார். வியாழக்கிழமை இவர் கண் விழிக்காவிட்டால் நிலத்தையோ நாளையோ குறை சொல்லாதீர்கள். சுகமாகப் படுத்திருந்தவரை நனைத்தது நான்.