ஒன்றுமே நடக்காத கரை

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. அதன் ஒவ்வொரு கரையிலும் ஒரு வளைப் பதிவு அலுவலகம் இருந்தது. எந்த வளை, எந்தப் பொந்து யாருக்குச் சொந்தம் என்பதெல்லாம் அங்கிருந்த கணினியில்தான் பதிவாகியிருந்தது. மேலக்கரைக்குத் தணிகாசலம் என்ற கரடி அதிகாரி. கீழக்கரைக்குச் செண்பகவடிவு என்ற கீரி.

இரண்டு கணினிக்கும் ஒரே வயசு. ஒருநாள் இரண்டிலும் ஒரே எச்சரிக்கை வந்தது: 'இனி இந்த இயங்குதளத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வராது.' புதுக் கணினி கேட்டால், தன் பிடரிக்குச் சாயம் பூசும் திட்டத்துக்கே நிதி போதவில்லை என்று சிங்கராஜா கைவிரித்துவிட்டார்.

கீரி யோசித்தது. பழசை வைத்துத்தான் காலம் தள்ளியாக வேண்டும். இணைய வயரைப் பிடுங்கியது. யார் பென் டிரைவ் கொண்டுவந்தாலும் வாசலிலேயே தடுத்தது. வாராவாரம் பதிவுகளை நகலெடுத்து, தனி ஹார்ட் டிஸ்க்கில் பூட்டி வைத்தது. மேலக்கரைப் பதிவுகளையும் போய் நகலெடுத்து வந்தது.

"எதுக்கும்மா இந்த வீண் வேலை?" என்றது கரடி. "நேத்து ஓடுச்சு, இன்னைக்கு ஓடுது. நாளைக்கு மட்டும் ஓடாதா?" எச்சரிக்கை வருகிற திரை மூலையில் அது ராஜாவின் படத்தை ஒட்டி மறைத்திருந்தது.

கீழக்கரை முயல்களுக்கோ கீரிமேல் கடுப்பு. "அந்தக் கரையில எல்லாம் போன்லயே முடிஞ்சிடுது. இங்க மட்டும் வெயில்ல வரிசை" என்று ராஜாவுக்கு மனுப் போட்டன.

ஒரு காலை, 'இலவசத் தேன், உடனே திறக்கவும்' என்று கரடிக்கு மின்னஞ்சல் வந்தது. கரடி உடனே திறந்தது. கணினி முடங்கியது, மேலக்கரைப் பதிவுகள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. மதியத்துக்குள் நரிகள் அங்கிருந்த வளைகளில் புகுந்து, "உன்னோடதுன்னா பட்டா காட்டு" என்றன. பச்சைக் குட்டிகளோடு ஒரு முள்ளெலி மழையில் நின்றது.

சேதி கேட்ட கீரி, ஹார்ட் டிஸ்க்கைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. மேலக்கரைக் கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, பதிவுகளை மறுபடி ஏற்றியது. சாயங்காலம் நரிகள் முனகிக்கொண்டே வெளியேறின. முள்ளெலி குட்டிகளை ஒவ்வொன்றாக வளைக்குள் தள்ளுவதைப் பார்த்தபோது கீரிக்கு மனசு நிறைந்தது. அதற்குள் கரடி, கணினிமேல் கை வைத்தபடி பத்திரிகைக்காரர்களுக்கு போஸ் கொடுத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் தர்பார். கரடிக்குப் 'பேரிடர் வென்ற பெருமகன்' பட்டமும் புத்தம்புதுக் கணினியும். கீரிக்கு, கரடியிடம் உதவியாளராகச் சேரச் சொல்லி ஓர் உத்தரவு.

"நான் என்ன தப்பு செஞ்சேன், ராஜா?"

"தப்புன்னு யார் சொன்னா?" என்றார் சிங்கராஜா. "ஆபத்தைச் சமாளிக்கிறது எப்படின்னு தணிகாசலத்துகிட்ட கொஞ்சம் கத்துக்க. உன் கரையிலதான் இதுவரைக்கும் ஒண்ணுமே நடக்கலையே."

நீதி: கணினியை முன்கூட்டியே காப்பாற்றித் தொலைக்காதீர்கள். முதலில் அது நாசமாகட்டும். பிறகு வேறு யாராவது காப்பாற்றும்போது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள்.