வத்தேகம கடைவீதியில் நான் எண்ணிய முப்பது

என் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும், மன்னிக்கவும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. (நான்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள்.)

கண்டிக்குப் பக்கத்தில் மஹய்யாவயில் என் மச்சான் கல்யாணப் படம் எடுப்பவர். நான் அவருக்கு லைட் பிடிப்பவன். அமெரிக்காவில் சின்ன ஊர்க் கடைவீதிகளை ராத்திரியில் எடுத்த படங்களை ஒருநாள் போனில் பார்த்தேன். வெறும் தெரு, எரிகிற விளக்கு, அவ்வளவுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. நம்ம வத்தேகம மட்டும் என்ன குறைச்சல்? கண்டியில் ஒரு படப்போட்டி. படம் கொடுக்க மறுநாள் கடைசி நாள். மச்சானிடம் கமராவை இரவல் கேட்டேன்.

"லைட் பிடிக்கிற கைக்கு கமராவா? கொண்டு போ. படம் சரியா வரலைன்னா இனி இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது" என்றார்.

கடை பூட்டுகிற நேரம். தெருவோரம் மூணுகால் ஸ்டாண்டை நிறுத்தினேன். இருட்டில், முப்பது எண்ணும்வரை கமரா திறந்தே இருக்க வேண்டும். எண்ணத் தொடங்கினேன்.

புடவைக்கடை ஹாஜியார் எட்டிப் பார்த்தார். ரோட்டை அகலமாக்கப் போகிறார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த மாதம் அது.

"சேர், ரோட்டு சர்வேக்கா வந்தீங்க?"

நானோ கூச்சக்காரன். எண்ணிக்கையும் தவறக்கூடாது. தலையை ஆட்டி வைத்தேன். "பதினாலு... பதினஞ்சு..."

"யா அல்லாஹ், பதினஞ்சு அடியா! எண்ட கடையே போயிடுமே!"

தெரு கலைந்தது. பெஞ்சு, பெட்டி, வாளி எல்லாம் உள்ளே ஓடின. ஆட்கள் ஓடிய ஓட்டத்தில் நான் எடுத்த மூன்று படங்களிலும் வெறும் தீற்றல். கடைசியாக ஒருதடவை அமுக்கினேன்.

"எல்லாரும் படியில ஏறி நில்லுங்க! அசையாதீங்க! ஆள் நிண்டா அளக்க மாட்டாங்க!" என்று ஹாஜியார் கத்தினார்.

முதலாளிமார் அத்தனை பேரும் தூண் மாதிரி நின்றார்கள். நடுவில் கண்டி பஸ் போனது.

தேத்தண்ணிக்கடை அக்காதான் கிட்ட வந்து பார்த்தார். "அடப்பாவி, இது படம் புடிக்கிற கமரா! அப்ப எதுக்குய்யா என் பெஞ்ச உள்ள தூக்க வச்ச?"

"போ... போட்டிக்கு" என்றேன்.

"போட்டியா? மொதல்ல பெஞ்ச வெளிய தூக்கு!"

அன்றைக்குத் தெருவிலுள்ள எல்லாக் கடைப் பெட்டிகளையும் நான்தான் வெளியே வைத்தேன்.

வீட்டில் மச்சான் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பஸ்ஸின் பின்விளக்குகள் ரெண்டு சிவப்புக் கோடாக ஓடியிருந்தன. இரண்டு பக்கமும், ஒவ்வொரு படியிலும் ஒரு மனுசன், மீசைமயிர்கூட அசையாமல், கடையைக் காத்துக்கொண்டு நின்றான். முதல் பரிசு அதற்குத்தான்! ஹாஜியார் ஒரு பிரதி வாங்கிக் கல்லாவுக்கு மேலே மாட்டினார். "நாளைக்கு ரோட்டுக்காரன் வந்தா, எண்ட படிக்குச் சாட்சி" என்றார்.

இப்போது கல்யாண வீடுகளில் கூட்டப் படத்துக்கு மச்சான் லைட் பிடிக்கிறார். நான் கமராவில். பிள்ளைகள் ஆடினால், கூட வரும் என் மனைவி பின்னாலிருந்து சத்தம் போடுவாள்: "சர்வேயர் எண்ணுறாரு, அசைஞ்சா வீடு போயிரும்!"

மாப்பிள்ளையும் சேர்ந்து விறைத்துப்போவார்.

எழுதி முடித்தது: மாட்டுப்பொங்கல் அன்று, பின்னேரம்.