இனிப்பு லூபின் விளைந்த நாடு

மணற்பாடி என்றொரு நாடு. அங்கே புல் முளைத்தாலே ஊர் கூடி வேடிக்கை பார்க்கும். அந்த வெறும் மணலில் லூபின் பயறு கண்ணுக்கெட்டியவரை நீலமாய்ப் பூத்து நின்றதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது. உரம் கேட்காத செடி. மண்ணுக்கே உரம் சேர்க்கும். ஆதியில் அதன் விதை கசந்தது. நாள்கணக்கில் ஊறவைத்துத்தான் தின்றார்கள். பிறகு இனிப்பு ரகம் வந்தது. நேரே உலையில் போடலாம்.

அதற்கொரு காவல் முறை இருந்தது. பூக்குமுன் எல்லோரும் வயலில் இறங்கி, செடிக்கு ஓர் இலை கடித்துத் துப்புவார்கள். கசந்தால் சத்தமாகச் சொல்லிவிட்டுப் பிடுங்குவார்கள். விட்டுவைத்தால் தேனீக்கள் அந்தப் பூந்தாதைச் சுமந்துபோய், அடுத்த விளைச்சலைக் கெடுத்துவிடும்.

இனிப்பை நாட்டுக்கு வழங்கியவர் தாமே என்று மாமன்னர் அறிவித்தார். அடேயப்பா, நாடே வாய் பிளந்தது! அவர் வழங்கியதைக் கசப்பு என்பது ராஜத்துரோகம் என்று ஆணை வந்தது. மக்கள் வாய் திறக்காமல் பிடுங்கினார்கள். பிடுங்குவதும் துரோகமாயிற்று. மறு விளைச்சல் கசந்தது. பயற்றை ஊறவைப்பவர் மன்னரைச் சந்தேகிப்பவர் என்று பானைகளையும் அள்ளிப்போனார்கள்.

அங்காயி ஒரு விவசாயி. அவள் மகள் அந்தக் கசப்புப் பயற்றுக் கஞ்சியைக் குடித்துக் குடித்து வாந்தியெடுத்துத் துவண்டாள். அங்காயி கஞ்சிக் கலயத்தோடு சுவைத்துறை அமைச்சர் முன் போய் நின்றாள்.

"கசக்குதுங்கய்யா. புள்ள வயித்துல நிக்க மாட்டேங்குது. கசந்த செடியப் பிடுங்க மட்டும் விடுங்க."

அமைச்சர் கோபப்படவே இல்லை. "உன் நாக்கு எப்போதும் இவ்வளவு சரியாகச் சொல்லுமா, அம்மணி?" என்று விசாரித்தார். சொல்லும் என்றாள். ஆயுள் தண்டனை விதித்தார்.

அரண்மனைக்குப் பின்னால் உயர்ந்த மதில். அதற்குள் தள்ளப்பட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். மன்னரின் சொந்த லூபின் வயல்! அப்படியொரு நீலத்தை அவள் கண்டதே இல்லை. கசப்பு என்று சொன்னதற்காகக் காணாமல்போன அத்தனை பேரும் அங்கே, இன்னும் பூக்காத பாத்திகளில் குனிந்து இலை கடித்து, கசந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாமன்னர் பொய் சொல்லவில்லை ஐயா; அவர் நாக்கில் கசப்பு பட்டதே கிடையாது.

மேற்பார்வையாளர் தணிந்த குரலில் சொன்னார்: "இங்க தாராளமாச் சொல்லலாம்மா. சொல்லாட்டித்தான் தண்டனை."

மதிலுக்கு வெளியே அவள் மகள் அதே கஞ்சியைத்தான் குடித்துக்கொண்டிருப்பாள். அந்தப் பக்கமிருந்து தேனீக்கள் மதிலைத் தாண்டி வந்து பூக்களில் உட்கார்ந்தன. யாரும் அவற்றைத் தடுக்கவில்லை.

அங்காயி முதல் செடியில் ஓர் இலையைக் கிள்ளிக் கடித்தாள். கசப்பு தொண்டைவரை இறங்கியது. துப்பாமல் விழுங்கினாள்.

"இனிக்குதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு, அதைப் பிடுங்காமல் அடுத்த செடிக்குப் போனாள்.