மூன்றாம் தரம் கேட்டால்

“இன்னும் இருக்கோ?” என்று குலம் கேட்டுவிட்டான்.

கேட்டது பக்கத்து வீட்டுக் கனகரத்தினத்தாரிடம், மூன்று வடை தின்று முடித்த பிறகு. கேட்டவனுக்கு ஐந்து வயது. கூனிக் குறுகியவர் அவன் அப்பா துரைசிங்கம்.

துரைசிங்கம் மலாயாவில் பீடோங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி; கனகரத்தினத்தாரும் அப்படியே. பெரிய கிராணி ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறி ஒரு மாதம் ஆகிறது. அந்த நாற்காலி காலி. தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை, கிராணிமாரை ஒவ்வொருவராகக் குடும்பத்தோடு பங்களாவுக்குத் தேநீர் குடிக்க அழைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை துரைசிங்கத்தின் முறை.

“பங்களாவிலயும் இவன் இப்பிடிக் கேட்டால், நான் சாகுமட்டும் சின்னக் கிராணிதான்,” என்றார்.

“தோட்டம் முழுக்க அதிகாரம் பண்ணுறியள். ரெண்டு பிள்ளையளுக்கு மரியாதை சொல்லிக் குடுக்கேலாதோ?” என்றாள் மனைவி செல்வநாயகி.

அன்றே குலத்தையும் அவன் அக்கா ஞானத்தையும் மர வாங்கில் உட்காரவைத்தார்.

“ஆரும் ஏதும் தந்தால் முதல் தரம் வேண்டாம் எண்டு சொல்லோணும். ரெண்டாம் தரமும் வேண்டாம். மூண்டாம் தரம் கேட்டால் ஒண்டே ஒண்டு எடுக்கலாம். அதுதான் மரியாதை.”

“பசிச்சாலுமோ?” என்றாள் ஞானம். அவளுக்கு ஏழு வயது. எதையும் தீர விசாரிப்பாள்.

“பசிச்சால் கட்டாயம்.”

“நாலாம் தரம் கேட்டால்?” என்றான் குலம்.

“ஆரும் கேக்கமாட்டினம்.”

பாடம் உடனே பிடித்துக்கொண்டது. அதுதான் வினை.

இரவு புட்டு. “போடவோ?” என்றாள் செல்வநாயகி. வேண்டாம் என்றார்கள். மறுபடி கேட்டாள். வேண்டாம். மூன்றாம் தரம் தட்டை நீட்டினார்கள். மீன் குழம்புக்கும் அப்படியே. தண்ணீருக்கும் அப்படியே. சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

“இதுக்கு அவன் வடை கேட்டதே நல்லம்,” என்று அவள் அகப்பையைப் போட்டாள்.

வியாழக்கிழமை குலத்துக்கு வயிற்று வலி. துரைசிங்கம் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார். அங்கே மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் மணியம் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

“வலிக்குதா தம்பி?”

“இல்லை.”

“நெசமாவே வலிக்கலையா?”

“இல்லை.”

“பையன் நல்லாத்தான் இருக்கான்ங்க,” என்று மணியம் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

பாதி வழியில் குலம் சுருண்டு உட்கார்ந்துவிட்டான். “அவர் மூண்டாம் தரம் கேக்கேல்லை, அப்பா.”

திரும்பப் போனார்கள். மணியம் மூன்றாம் தரம் கேட்டார். ஓம் என்றான். விளக்கெண்ணெய் எடுத்தார். அதற்கு மட்டும் குலம் ஏழு தரம் வேண்டாம் என்றான்.

துரைசிங்கம் சட்டத்தைத் திருத்தினார். “வீட்டில வேண்டாம். ஆஸ்பத்திரியில வேண்டாம். பங்களாவில மட்டும். நான் செய்யிறதைப் பாத்து அப்பிடியே செய்யுங்கோ. நான் மறுத்தால் மறுக்கோணும். நான் எடுத்தால் எடுக்கோணும். கண்ணை என்னிலயிருந்து எடுக்கக் கூடாது.”

சனிக்கிழமை மாலை நால்வரும் பங்களா விறாந்தையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் இமைக்காமல் அப்பாவையே பார்த்தார்கள். சமையல்காரர் மரியராஜ் கேக்கைக் கொண்டுவந்து வைத்தார். மேலே உலர்திராட்சை பதித்த கேக்.

துரையின் மனைவி துரைசாணி தட்டை நீட்டினாள். “கேக்?”

“நோ, தேங்க் யூ,” என்றார் துரைசிங்கம்.

“நோ, தேங்க் யூ,” என்றாள் செல்வநாயகி.

“நோ, தேங்க் யூ,” என்றாள் ஞானம்.

“நோ, தேங்க் யூ,” என்றான் குலம், கேக்கைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டு.

துரைசாணி தலையசைத்துத் தட்டை மேசையில் வைத்தாள். அது அங்கேயே இருந்தது. தேநீருக்கும் இதே கதி. துரை மழையைப் பற்றிப் பேசினார். ஒரு துண்டு தின்றார். ரப்பர் மரம் பற்றிப் பேசினார். இன்னொரு துண்டு தின்றார். மூன்றாவது துண்டை நாய்க்குப் போட்டார்.

குலம் அப்பாவின் காதுக்கு எட்டினான். “அது ஒரு தரமும் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.”

“உஷ்.”

துரை கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். “துரைசிங்கம், பெரிய கிராணி வேலை காலியாக இருக்கிறது. உமக்கு அது வேண்டுமா?”

ஒரு மாதமாக அவர் கனவில் கேட்ட கேள்வி. பதிலும் தயாராக இருந்தது. ஆனால் இரண்டு சோடிக் கண்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. கற்பித்தவன் முதலில் தவறலாமா?

“நோ, தேங்க் யூ, சார்,” என்றார். “எனக்கு அந்தத் தகுதி இல்லை.”

செல்வநாயகி சேலைத் தலைப்பைக் கடித்தாள்.

“அப்படியா. வருத்தம்தான்,” என்றார் துரை. “உம்மைக் கேட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிவிடுகிறேன்.” மறுபடி மழைக்குப் போனார்.

துரைசிங்கம் காத்திருந்தார். இருமினார். “சார் ஏதாவது கேட்டீர்களா?”

“இல்லையே.”

“மறுபடி கேட்டாலும் குற்றமில்லை, சார்.”

“எதை? மழையையா?”

“ஓம், சார்,” என்றார் துரைசிங்கம்.

“இந்த வருஷம் அதிகம்தான்,” என்று துரை எழுந்து கை கொடுத்தார்.

மரியராஜ் குடை பிடித்துக் கேட் வரை வந்தார். செல்வநாயகி நாலடி முன்னால் நடந்தாள். அவள் முதுகே பேசியது.

“புதன்கிழம கனகரத்தினம் ஐயாவும் இந்த வேல வேணாம்னுட்டாருங்க,” என்றார் மரியராஜ்.

துரைசிங்கத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மனைவிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: “துரையில பிழை இல்லை. வெள்ளைக்காரருக்கு எங்கட வழக்கம் தெரியாது. வேண்டாம் எண்டால் வேண்டாம் எண்டே நினைக்கினம்.”

“யாருங்கய்யா, இந்தத் துரையா?” என்றார் மரியராஜ். “ஒரு தரத்துக்கு மேல கேட்டுடாத, எடுத்துக்குவாங்கன்னு துரைசாணிக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதாங்க.”