ஸ்கிரீன் கடைக்காரன் திறந்த ஜன்னல்

ஜன்னலோர சீட்டு கிடைத்துவிட்டால் மனுசனுக்குத் தனியாக ஒரு திமிர் வந்துவிடும். டவுன் பஸ்ஸில் வந்தால் அடுத்த ஊர் வருவதற்குள் அது இறங்கிவிடும். விமானத்தில் வந்தால் கண்டம் விட்டுக் கண்டம் கூடவே வரும். அந்தத் திமிரில் ஒரு விமானத்தையே தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டவன் நான். எங்கள் வீட்டு ஹால் ஜன்னல் இன்றைக்கு மொட்டையாக நிற்பதற்கும் அதுதான் காரணம். நானே சொல்லிவிடுகிறேன். என் மச்சான் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும்.

காரைக்குடியில் எனக்கு ஸ்கிரீன் துணிக் கடை. ஜன்னலுக்கும் வாசலுக்கும் தொங்கவிடுகிற துணி, கம்பி, வளையம் எல்லாம் கிடைக்கும். வெயிலை எங்கே விடணும், எங்கே மறிக்கணும் என்பது எனக்கு அத்துப்படி. (இது என் அபிப்பிராயம் மட்டும்தான்.) எங்கள் வீட்டு ஹாலில் மேற்கு ஜன்னலில் ஒரு குங்குமச் சிவப்பு வெல்வெட்டு தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி ஜமீலா, தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள். "துருக்கியில இருந்து எனக்குன்னே வரவழைச்சாக" என்பாள். நான் அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். பெருநாளுக்கு அவள் வீட்டில் இருக்க வேண்டும் என்று டிக்கெட் போட்டோம். பயணம் ரமலான் மாதத்துக்குள் விழுந்துவிட்டது. ஜமீலாவின் அண்ணன், அதாவது என் மச்சான், பள்ளிவாசலில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது நல்லெண்ணத்தில்தான் சொன்னார்.

"பயணத்துல நோன்பை விட்டுட்டுப் பெறகு வச்சுக்கலாம் மச்சான். மார்க்கத்துலயே சலுகை இருக்கு."

"சலுகையெல்லாம் முடியாதவுகளுக்கு மச்சான்" என்றேன், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. "சும்மா உக்காந்துக்கிட்டுப் போறதுக்கு எதுக்குச் சலுகை? நானா ஓட்டப் போறேன்?"

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் பின்வாங்க முடியுமா? வீட்டில் ஜமீலா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புத்திசாலி. சலுகையை எடுத்துக்கொண்டாள்.

காரைக்குடி வீட்டில் விடிவதற்கு முன்னால் சஹர் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நோன்பு நோற்று, திருச்சியில் விமானம் ஏறி, வளைகுடாவில் இறங்கி, மத்தியானம் அமெரிக்காவுக்குப் போகிற பெரிய விமானத்தில் ஏறினோம். இடது பக்கம் ஜன்னலோரத்தில் நான், நடுவில் ஜமீலா, இந்தப் பக்கம் கம்பளிக் குல்லா போட்ட ஒரு வெள்ளைக்காரர். பின் வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஒரு விஷயம் மண்டையில் உறைத்தது. சூரியன் மேற்கே போகிறது. நாங்களும் மேற்கே போகிறோம். முன்னால் போகிற பஸ்ஸைப் பின்னாலேயே துரத்திக்கொண்டு போனால் அந்த பஸ் எப்போது கண்ணை விட்டு மறையும்? ஊரில் சாயங்காலம் நோன்பு திறந்து, வடை தின்று, ராத்திரி தராவீஹ் தொழுகைக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே சூரியன் நகருவேனா என்கிறது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பக்கத்தில் ஜமீலா ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிற சத்தம் எனக்கு மட்டும் குற்றால அருவி மாதிரி கேட்டது.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்ததும் விளக்கை அணைத்தார்கள். எல்லா ஜன்னல் மூடிகளும் கடகடவென்று இறங்கின. வெளியே பட்டப்பகல், உள்ளே நடுராத்திரி. என் மூடி மட்டும் திறந்திருந்தது. பணிப்பெண் வந்தாள். மலையாளப் பெண், தமிழ் நன்றாகவே வந்தது.

"சார், ஷட்டர் கொஞ்சம் தாழ்த்துங்க. எல்லாரும் உறங்கணும்."

"எனக்கு நோன்பும்மா. சூரியன் விழுறதப் பாக்கணும்."

"நோன்பு திறக்கிற நேரத்தை கேப்டன் மைக்ல சொல்லுவார் சார்."

"அவரு வண்டியப் பாத்து ஓட்டட்டும்மா. சூரியன நான் பாத்துக்கிறேன்."

அவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டி மூடியை இறக்கிவிட்டுப் போனாள். ஜன்னல் யாருக்குச் சொந்தம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் வருகிற வெளிச்சம் யார் யார் முகத்திலெல்லாம் விழுகிறதோ, அவர்கள் எல்லாருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ரெண்டு விரற்கடை தூக்கிப் பார்த்தேன். அந்தச் சின்ன இடுக்கு வழியாக வந்த வெயில் நேராகப் போய் அந்தக் கோடி சீட்டுக்காரர் மூக்கில் உட்கார்ந்தது. அவர் கனைத்தார். மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தூக்கினேன். பின் சீட்டுப் பெண் என் தோளைத் தொட்டு, குழந்தை இப்போதுதான் கண் அசந்தது என்று இங்கிலீஷில் கெஞ்சினாள். மூடினேன். மூணாவது தடவை குல்லாக்காரர், தூங்கக் கட்டியிருந்த கண்பட்டையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தார். ஜமீலா என் தொடையில் கிள்ளினாள்.

"மானத்த வாங்காதீக. பேசாம ஒரு மடக்குத் தண்ணியக் குடிங்க."

"ஒங்க அண்ணன்கிட்ட யாரு பதில் சொல்றது?"

அதற்குப் பிறகுதான் போர்வை யோசனை வந்தது. தலையோடு போர்வையைப் போர்த்தி, அதன் இன்னொரு ஓரத்தை ஜன்னலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, உள்ளே மூடியைத் தூக்கினேன். ஆவி பிடிக்கிறவன் மாதிரி. ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே போகவில்லை. (ஸ்கிரீன் கடைக்காரன் என்றால் சும்மாவா?) பணிப்பெண் கடந்து போகும்போது, "உங்க ஹஸ்பெண்டுக்கு சுகமில்லையா?" என்று ஜமீலாவிடம் கேட்பது காதில் விழுந்தது. "ரொம்ப வருசமாவே அப்படித்தான்" என்றாள் ஜமீலா.

போர்வைக்குள் நான் தனி ஆளாக வானத்தோடு உட்கார்ந்திருந்தேன். கீழே வெள்ளை வெளேரென்று பனிமலை. அப்படி ஒரு வெள்ளையை நான் எந்தத் துணியிலும் பார்த்ததில்லை. சூரியன் மெதுவாக இறங்கி, முன்னால் இறக்கையின் நுனிக்குப் பக்கத்தில் வந்து, சிவந்து, பாதியாகி, நகத்துண்டாகி, மறைந்தது. அதே சமயம் கேப்டனும் மைக்கில் நேரம் வந்துவிட்டது என்று அறிவித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். உட்கார்ந்த இடத்திலேயே அந்தி நேரத்து மஃரிப் தொழுதேன். "ஒங்க அண்ணனுக்குச் சொல்லு, முடிச்சிட்டேன்னு" என்று ஜமீலாவிடம் சொல்லிவிட்டு, மூடியை இறக்கி, நிம்மதியாகத் தூங்கிப்போனேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ. முழிப்பு வந்தபோது மூடியின் அடி விளிம்பில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. லேசாகத் தூக்கிப் பார்த்தேன்.

முன்னால் இறக்கை நுனிப் பக்கம், சூரியன் எந்த இடத்தில் விழுந்ததோ அதே இடத்தில், ஒரு நெருப்பு விளிம்பு. விழுந்தது இன்னும் முழுசாக விழவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது குறையவில்லை. கூடியது. நகத்துண்டு பாதியாகி, பாதி முழுசாக வந்துகொண்டிருந்தது. சரி, விடிந்துவிட்டது, தூங்கியே போய்விட்டோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முன்னால் இருந்த திரையைப் பார்த்தேன். வரைபடத்தில் விமானத்தின் மூக்கு மேற்கே இருந்தது. கிழக்கு எங்கள் முதுகுக்குப் பின்னால்.

சூரியன் மேற்கே உதித்துக்கொண்டிருந்தது.

சின்ன வயதில் ஓதப் போன இடத்தில் ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்தது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாருக்கும் மறக்காது. உலகம் அழிகிற கியாமத் நாள் நெருங்கும்போது சூரியன் மேற்கே உதிக்கும். அது உதித்துவிட்டால் தவ்பாவின் கதவு அடைபட்டுவிடும். அதற்குப் பிறகு கேட்கிற பாவமன்னிப்பு எடுபடாது.

மூடியை முழுசாக மேலே தள்ளிவிட்டேன். தள்ளினதுகூட எனக்குத் தெரியாது. அந்தச் சிவப்பு வெளிச்சம் வெள்ளமாக உள்ளே புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த அத்தனை முகத்திலும் அடித்தது. அல்லாஹ்விடம் கேட்க நேரம் கடந்துவிட்டது, பொண்டாட்டியிடமாவது கேட்டுவிடுவோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஜமீலா, எந்திரி! என்னைய மன்னிச்சிரு!"

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னா?" (எவ்வளவு தூக்கத்திலும் அவளுக்குக் கேள்வி மட்டும் தெளிவாக வரும்.)

"ஒங்க அண்ணன் மக கல்யாணத்துக்குக் காச்சல்னு வரலைல்ல, காச்சலே இல்ல. ஒன் தங்கச்சிகிட்ட அவ பிரியாணிதான் ஒசத்தின்னு சொன்னேன். ஹால்ல தொங்குற வெல்வெட்டு துருக்கியே இல்ல புள்ள, சூரத்து! வலையபட்டியில ஒரு ஆச்சி பெரிய வீட்டுக்கு ஆர்டர் குடுத்துட்டு, நாடகக் கொட்டகைத் திரை மாதிரி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாக. யாரும் வாங்கல. அதைத்தான் ஒனக்குன்னு..."

"என்ன உளர்றீக?"

"அங்குட்டுப் பாரு!"

பார்த்தாள். அவளும் ஓதினவள்தானே. "யா அல்லாஹ்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் குழந்தை வீறிட்டது. குல்லாக்காரர் கண்பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஏதோ சொன்னார். அதை ரமலான் மாதத்தில் எழுதக் கூடாது. நாலா பக்கமும் முணுமுணுப்பு. பணிப்பெண் ஓடி வந்தாள். "சார்! எத்தனை தடவை..." என்று மூடியில் கையை வைத்தவள், குனிந்து வெளியே பார்த்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"இது... வெஸ்ட் இல்லே?" என்றாள் மெதுவாக.

"ஆமாம்மா" என்றேன். அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவள்தான் முதலில் சுதாரித்தாள். "பயப்படாதீங்க சார். வடக்கே தூரம் போகப் போக பூமியோட சுத்தளவு குறைஞ்சு வரும். இங்க நேரே மேற்கே பறந்தா சூரியனை விட நாம வேகம். முன்னாடி போனதை ஓடிப் போய்ப் பிடிச்சிட்டோம். அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கேட்டிருக்கேன். கண்ணால பாக்கறது இதான் முதல் தடவை" என்றாள். மூடியை இறக்க வந்ததையே மறந்துவிட்டாள்.

கியாமத் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. கீழே கண்ணுக்கு எட்டின வரைக்கும் பனிக்கட்டி. ஒரு வீடில்லை, மரமில்லை, பாதையில்லை. அதன் மேல் முழுக்க ரோஜா நிறம் ஏறிக்கொண்டே வந்தது. ஒரே நாளில் ஒரே சூரியன் ஒரே இடத்தில் விழுந்து, திரும்ப எழுந்து வருகிறது. யாரும் பார்க்காவிட்டாலும் வந்திருக்கும். அதை எங்களுக்குக் காட்டினானே அல்லாஹ்.

முணுமுணுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குல்லாக்காரர் ஜமீலாவின் மடி மேலேயே கவிழ்ந்து பார்த்துவிட்டு, குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின் சீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கி என் ஜன்னலிடம் காட்டினாள். அழுதுகொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டு, அந்த வெளிச்சத்தைப் பிடிக்கக் கையை நீட்டியது. வெயிலை மறைக்கத் துணி விற்றே ஆயுசைக் கழித்தவன் நான். அன்றைக்குக் கடையை இழுத்து மூடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் ஜமீலா. அவள் கண்ணிலும் தண்ணீர். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி, அமைதியாகக் கேட்டாள்:

"அந்த வெல்வெட்டு பத்தி ஏதோ சொன்னீகளே?"

அமெரிக்கா போய்ச் சேருகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. நடுவில் சூரியன் ரெண்டாம் தடவையாக விழுந்தது. நல்லா இருட்டி, நட்சத்திரம் வந்த பிறகும், இனி எழுந்து வராது என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தொடவே இல்லை.

ஊருக்கு வந்ததும் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். "பயணத்துக்குச் சலுகை இருக்குன்னு ஒங்க மச்சான் சொன்னாருல்ல, கேட்டீகளா? இனிமேயாச்சும் கேளுங்க" என்றார். மச்சான் பக்கத்திலேயே நின்றார். கல்யாணத்துக்கு வராத காய்ச்சல் சமாசாரம் அவருக்கு ஏற்கனவே போய்ச் சேர்ந்திருந்தது. இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார்.

ஜமீலா சண்டையே போடவில்லை. வந்த அன்றே வெல்வெட்டைக் கழற்றி மடித்து, பையில் போட்டுக் கடைக்குக் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பதிலாக நான் எத்தனையோ ரகம் கொண்டு போய்க் காட்டிப் பார்த்துவிட்டேன். பட்டு, லினன், பூப்போட்டது, போடாதது.

"ஒங்க கடைத் துணி ஒண்ணும் என் ஜன்னலுக்கு வேணாம். அது தொறந்தே கெடக்கட்டும்."

ஆக, காரைக்குடியில் ஊருக்கெல்லாம் ஸ்கிரீன் போடுகிறவன் வீட்டு மேற்கு ஜன்னலில் ஒரு முழத் துணி கிடையாது. வீட்டுக்கு வருகிற ஆட்கள் காரணம் கேட்பார்கள். ஜமீலா தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொல்லுவாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சாயங்கால வெயில் நேராக என் நாற்காலிக்கு வருகிறது. கண் கூசுகிறது. உண்மையைச் சொன்னால், நாற்காலியை நகர்த்திப் போட எனக்கும் மனசில்லை.

அடுத்த ரமலானில் ஒரு நாள் மச்சான் குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டில் நோன்பு திறக்க வந்தது. ஜன்னலுக்கு வெளியே சூரியன் விழுந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும் எடுத்து வாய் வரைக்கும் கொண்டு போனேன். ஜமீலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒங்களுக்கு மட்டும் இன்னும் நேரம் ஆகல. கொஞ்சம் பொறுங்க. திரும்பி வருதான்னு பாத்துட்டுத் தின்னுங்க."