சீனி அண்ணனின் சட்டைப்பை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் சுகமாக இருப்பவர்களைக் கண்டு முகம் வாடுகிற ஒரே மனிதர் சீனி அண்ணன்தான். வயதானவர்களுக்கு மருத்துவக் காப்புறுதி விற்பது அவர் தொழில். மற்ற முகவர்கள் நோயுள்ள வருத்தக்காரரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள். இவருடைய திட்டமோ சீனி வருத்தம் என்கிற நீரிழிவு, பிறஷர், இதய வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும்தான். வருடம் முழுவதும் சேரலாம். ஆகவே வருடம் முழுவதும் அவர் தெருவில்தான்.

கல்யாண வீடோ செத்தவீடோ, பிளேன்டீ கொடுக்கும் இடத்தில் நிற்பார். உள்ளங்கையில் சீனியை வாங்கி, நக்கி நக்கித் தேநீர் குடிப்பது எங்கள் வழக்கம். சீனிக்குக் கை நீட்டாதவரைக் கண்டால் அவர் கண் மின்னும். "ஐயா, எத்தனை வருசமா?" என்று பக்கத்தில் போய் நிற்பார். அவருடைய சட்டைப்பையில் எப்போதும் எறும்பு ஊரும். "எறும்புக்கும் காப்புறுதி போட்டாச்சோ?" என்று கடைக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள்.

என் கணவருக்குக் கப்பலில் வேலை. வீட்டில் நான், கைக்குழந்தை, கணவரின் தகப்பனான மாமா. மாமாவின் தலையணைக்கடியில் சீனி வருத்தத்துக்கான மருந்துக் குளிசை இருப்பதைக் கண்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. அவர் மயங்கி விழுந்தால் முதலில் பிள்ளையைத் தூக்குவதா, அவரைத் தூக்குவதா? காப்புறுதி எடுக்கலாம் என்று நினைத்தேன். வேண்டாம் என்று நினைத்தேன். கணவர் ஓம், எடு என்ற பிறகும் யோசித்தேன். கடைசியில் சீனி அண்ணனைக் கூப்பிட்டேன்.

மாமா தலைக்கு மை பூசி, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். காப்புறுதிக்காரனிடம் வருத்தத்தை மறைக்க வேண்டும் என்பது அவர் காலத்துப் பாடம்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத் தம்பி. கல்லைத் திண்டாலும் செமிக்கும்."

சீனி அண்ணனின் முகம் விழுந்தது. "அப்ப ஏலாது ஐயா. வருத்தம் இருந்தாத்தான் இதில சேர்க்கலாம்."

"இல்லாத வருத்தத்துக்கு நான் எங்க போறது?"

குளிசையைப் பற்றிச் சொல்லிவிடலாமா? வெளியாள் முன்னால் மாமனாரை மருமகள் காட்டிக்கொடுப்பதா? சொல்லாவிட்டால் இந்தக் கதவும் மூடிவிடுமே.

சீனி அண்ணன் எழுந்தார். "ஐயாட உடம்பு இரும்பு. அடுத்த வீட்டு ஹாஜியார்தான் பாவம். அவரைப்போல பெரிய சீனிக்காரர் இந்தத் தெருவிலயே இல்லை."

"ஆர், அவரோ?" மாமா துள்ளி எழுந்தார். "அவருக்கு வந்தது போன நோன்புக்கு! எனக்கு மகன்ட கல்யாணத்துக்கு முதலே இருக்கு! கால் விறைப்பும் இருக்கு! பிள்ளை, அந்தக் குளிசையை எடுத்துவந்து காட்டு!"

கையெழுத்து முடிந்ததும் பிளேன்டீயைக் கொடுத்து, சீனி அண்ணனின் உள்ளங்கையில் சீனி வைத்தேன். குசினிக்குள் போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவர் சீனியை மெல்லச் சட்டைப்பைக்குள் கொட்டிவிட்டு, வெறுங்கையை நக்கிக்கொண்டிருந்தார்.

ஊரார் வருத்தத்தையெல்லாம் கிண்டி எடுக்கிற மனிதர்! கேட்டால் வெட்கப்படுவாரோ? கேட்காமல் விட்டு, எங்காவது சைக்கிளோடு விழுந்துவிட்டால்?

அடுத்த முறை வந்தபோது தேநீரை மட்டும் நீட்டினேன்.

"சீனி முடிஞ்சு போச்சுது அண்ணன்."

என்னை ஒரு கணம் பார்த்தார். "பரவாயில்லைத் தங்கச்சி" என்று ஆறுதலாகக் குடித்தார்.

இன்றுவரை, அவர் வரும் நாளில் மட்டும் எங்கள் வீட்டில் சீனி இருப்பதில்லை.