கொர்வாய் ஞாபகார்த்தக் கிண்ணமும் உன் மொட்டைத் தலையும்

நோர்வூட்,
வெள்ளிக்கிழமை.

புடாபெஸ்ட் நகரத்தில் பற்றரி தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன், அன்பு மருமகன் துஷாந்துக்கு உன் தாய்மாமன் நல்லமுத்து எழுதுவது.

இங்கே உன் அம்மா, உன் மாமி பூரணி, மழை ஆகிய மூவரும் வழக்கம்போல் இருக்கிறார்கள். அங்கே உனக்குக் குளிரும் சாப்பாடும் ஒத்துப்போக முருகன் துணையிருப்பானாக. நான் குரல் பதிவு அனுப்பினால் நீ அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மகள் சர்மிளா சொன்னாள். என் கோபத்தை அந்த வேகத்தில் கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆகவே தாளில் எழுதி, அவளைக் கொண்டே படம் பிடித்து அனுப்புகிறேன். நின்று நிதானமாக வாசி.

விஷயம் இதுதான். நீ ஏன் மொட்டையடித்தாய்?

நம் தேயிலைத் தோட்டத்தின் இரண்டு பிரிவுகளான மேற்கணக்கும் கீழ்க்கணக்கும் வருடா வருடம் மோதும் உதைபந்தாட்டப் போட்டிக்கு யாராவது ஓர் அமரரின் பெயரில் ஞாபகார்த்தக் கிண்ணம் வைப்பது உனக்குத் தெரியாததல்ல. மேற்கணக்குக்கு அவர்களுடைய காலஞ்சென்ற சங்கத் தலைவர் வேண்டும். கீழ்க்கணக்குக்கு அவர்களுடையவர் வேண்டும். உயிரோடு இருந்தபோது ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்த அந்த இரண்டு பேரின் பெயரால் போன வருடம் ஒரு கோல் கம்பமும் இரண்டு மூக்குகளும் உடைந்தன. இன்னொரு தகராறு வந்தால் மைதானத்தில் தேயிலைக் கன்று வளர்க்கத் தவறணை போட்டுவிடுவேன் என்று தோட்டத்தை நடத்தும் துரை சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்கவில்லை. மண் நிரப்பிய கறுப்புப் பைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால் அடுக்கியாகிவிட்டது. இந்த மலையில் வைத்த இடத்தில் பந்து நிற்கும் ஒரே நிலம் அதுதான். அதுவும் போனால் நம் பிள்ளைகள் ரோட்டில் விளையாடி, பந்தை எடுக்க ஹட்டன் வரை இறங்க வேண்டியதுதான்.

ஓய்வுபெற்ற அதிபர் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை விளையாட்டுக் கழகத் தலைவராக்கி வைத்திருக்கிறார்கள். எந்தத் தொழிற்சங்கத்துக்கும் சந்தா கட்டாத, எந்தத் திருவிழாவிலும் முதல் மரியாதை கேட்காத, இரண்டு கணக்கிலும் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத ஓர் அமரர் எனக்குத் தேவைப்பட்டார். அந்த நேரம் பார்த்து நீ போனில், உன் விடுதிக்குப் பக்கத்தில் யாரோ பழைய உதைபந்து வீரரின் பெயரில் ஒரு தெரு இருக்கிறது என்றாய். முதல் யுத்தத்துக்கும் இரண்டாம் யுத்தத்துக்கும் இடையில் கோல் அடிப்பதையே தொழிலாக வைத்திருந்தவராம். பெயர் கொர்வாய் ஆர்பாத். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்ததுபோல் இருந்தது.

வாழ்க்கைக் குறிப்பை நானே எழுதினேன். ட்ராம் தண்டவாளம் துடைப்பவரின் மகன். வெற்று வளவில் கந்தல் பந்து அடித்துப் பழகியவர். பத்தொன்பது வயதில் ஒரு சிறிய கழகம், பிறகு பெரிய கழகம். வருடத்துக்கு வருடம் அந்த நாட்டிலேயே அதிக கோல் அடித்தவர். வியன்னாவில் ஒரு முக்கியமான பெனால்டியை வெளியே அடித்தவர். முழங்கால் போனபின் சின்னப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்து, யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்ச் சேர்ந்தவர். இதைக் கூட்டத்தில் வாசித்தேன். நிறைவாக இருந்தது. அதன்பிறகுதான் திருத்தம் தொடங்கியது.

"ஒரு வருசத்துல இம்புட்டு கோலா? மத்த பத்துப் பேரும் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்களா சேர்?" என்று கேட்டார் மேற்கணக்கு அணித் தலைவர் முத்துலிங்கம். கோலே அடிக்காத ஆட்டங்களும் உண்டு என்றேன். "அன்னைக்கு அரைப்பேருதான் போட்டிருப்பாங்க," என்று அவருக்கு அரைநாள் சம்பளத்தைப் பின்னாலிருந்து யாரோ தீர்மானித்தார்கள். கீழ்க்கணக்கு அழகுமுத்து எழுந்தார். "செத்த மனுசன் பெனால்டிய வெளிய அடிச்சத மேடையில சொல்லலாமா சேர்? நல்லத மட்டும் சொல்லுங்க." வெட்டினேன். கழகம் மாறியது சங்கம் மாறியதுபோல் இருக்கிறது என்றார்கள், அதையும் வெட்டினேன். முழங்கால் அபசகுனம் என்றார்கள். கடைசியில் மிஞ்சியது, அன்னார் பிறந்தார், கோல் அடித்தார், இறந்தார் என்பது மட்டுமே. யோசித்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது பெனர். டவுனில் அச்சடிக்கும் பைஸரிடம், இறந்துபோன ஒருவருக்குப் பெனர் வேண்டும் என்று ஆள் அனுப்பியது என் பிழையாம். அவர் கைவசம் இருந்த மரண அறிவித்தலைத் திறந்து, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே அடித்துவிட்டார். கொர்வாய் அவர்கள் குத்துவிளக்குக்கும் மேகத்துக்கும் நடுவில், வாழ்நாளில் போட்டிராத ஒரு கோட்டுடன் சிரிக்கிறார். கீழே, 'ஆறாத்துயரில் மனைவி, மக்கள், மருமக்கள்'. அதற்கும் கீழே தொடர்புக்கு என் தொலைபேசி இலக்கம். நம் பையன்கள் சும்மா இருப்பார்களா? பஸ் நிறுத்தத்திலிருந்து என் வீட்டு வாசல் வரை வெள்ளைக் கொடி கட்டிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை வலப்பனையிலிருந்து உன் மாமியின் அக்காள் வான் பிடித்து, சீனியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, ஆட்களோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்தது நான். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் தெரிந்தது சந்தோஷம்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

"அப்ப யாரு செத்தது?"

"ஒரு ஹங்கேரிக்காரர்."

"எப்ப?"

"நீங்க பொறக்கறதுக்கு முன்னுக்கு."

"அதுக்கு இப்பத்தான் சொல்லி அனுப்புவீங்களா?" என்று உன் மாமியைப் பார்த்துக் கேட்டாள். பிறகு, இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, வானும் பிடித்தாகிவிட்டது என்று பெண்கள் உட்கார்ந்து கொஞ்சம் அழுதுவிட்டே போனார்கள். பூரணியும் சேர்ந்து அழுதாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

இதையெல்லாம்கூடச் சமாளித்திருப்பேன், துஷாந்த். புதன்கிழமை உன் படம் வந்தது, ஊர் முழுக்கப் பார்த்தது. அந்த மனிதரின் கல்லறையில் பூ வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு என்று கேட்டது நான்தான். பூ வைத்தாய், சரி. ஊதுபத்தி எதற்கு? சால்வையை ஒரு தோளில் போட்டுக் கும்பிட்டு நின்றது எதற்கு? எல்லாவற்றுக்கும் மேலாக அந்த மொட்டை! அறைக்கூட்டாளியின் மெஷின் ஒரு பக்கம் வழுக்கி, மற்றப் பக்கத்தையும் சரிசெய்யப் போய் இப்படி ஆனது என்று நீ எழுதியதை நான் நம்புகிறேன். ஊர் நம்புமா? கல்லறை, ஊதுபத்தி, மொட்டை. கருமாதி செய்தவன் பிள்ளை. பிள்ளை நீ. உன் வீடு மேற்கணக்கில். ஆகவே கொர்வாய் ஆர்பாத் அவர்கள் மேற்கணக்கைச் சேர்ந்தவர் என்று அன்று பொழுது சாய்வதற்குள் முடிவாகிவிட்டது.

நேற்றுக் கூட்டம் வைத்தேன். முத்துலிங்கம் புதுச் சட்டை போட்டு வந்தார். "கேத வீட்டுக்காரங்க நாங்கதான மேடையில ஒக்காரணும்? கிண்ணத்த எங்க கையாலதான் குடுக்கணும்," என்றார்.

"தாராளமா ஒக்காருங்க," என்றார் அழகுமுத்து. "கேத வீட்டுக்கு தீட்டு இருக்குல்ல? தீட்டுக்காரங்க மைதானத்துல எறங்கக் கூடாது. கிண்ணத்த எங்ககிட்ட குடுத்துட்டு நீங்க பாட்டுக்கு துக்கம் கொண்டாடுங்க."

"அந்தாளு செத்து எத்தன வருசமாச்சி? தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சிருச்சி!"

"அப்ப ஒங்க பய எதுக்கு இப்ப மொட்ட போட்டான்?"

பதில் இல்லாத இடத்தில் நாற்காலி பறப்பது நம் வழக்கம். இரண்டு பறந்தன. கீழ்க்கணக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட வராது என்று அறிவித்துவிட்டு எழுந்து போனது. நாங்கள் சத்தம் போட்டதைப் பங்களாவிலிருந்தே கேட்ட துரை, இன்று காலை என்னைக் கூப்பிட்டார். "நல்லமுத்து சேர், செத்தது ஒங்க ஆளும் இல்ல, அவங்க ஆளும் இல்ல. அப்பறம் என்னா சண்ட? ஞாயித்துக்கிழம மெச் இல்லன்னா, திங்கக்கிழம கன்னு வரும்." அவர் சிங்களவர், நான் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன். இத்தனை தெளிவாக என்னாலும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே நீ உடனே செய்ய வேண்டியது: 'காலஞ்சென்ற கொர்வாய் ஆர்பாத் எனக்கு எந்த வகையிலும் உறவில்லை, அவர் மேற்கணக்கைச் சேர்ந்தவரல்ல, எந்தக் கணக்கையும் சேர்ந்தவரல்ல, என் தலைமுடி போனது மெஷினால்' என்று கைப்பட எழுதி, கையெழுத்து வைத்து, நாளைக்குள் அனுப்பு. முடிந்தால் கூட வேலை செய்யும் உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கு. மனிதர் ஏதோ பந்து அடித்தார், போய்ச் சேர்ந்தார். அவருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை. போட்டி முடிந்த மறுநாள் நான் தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன். அதன்பிறகு அவர் பெயர் இந்த வீட்டில் ஒலிக்காது.

வேளைக்குச் சாப்பிடு. தலைக்குத் தொப்பி போடு. அம்மாவுக்கு வாரம் ஒரு முறையாவது முகம் காட்டிப் பேசு. தொப்பியோடு பேசு. எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் மாமா,
நல்லமுத்து.

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. சர்மிளா படம் பிடிக்க வருவதற்குள் நிலைமை கொஞ்சம் மாறிவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டக்காரர்கள் நாளைக்கு அவர்களுடைய மைதானத்தில் கொர்வாய் ஆர்பாத் ஞாபகார்த்தக் கிண்ணம் நடத்துகிறார்களாம். பெனரில் அவருக்கு அவர்களுடைய ஜேர்சியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். பைஸரைக் கேட்டால், "படம் கம்பியூட்டர்ல இருந்துச்சு, கேட்டாங்க, குடுத்தேன்," என்கிறார். அவர்களுடைய பையன் ஒருவனும் அந்த நாட்டில்தான் இருக்கிறானாம். கொர்வாய் அவன் வகையில் சொந்தமாம். என்ன துணிச்சல்! முத்துலிங்கமும் அழகுமுத்தும் ஒரே பந்தோடு விடியற்காலையே என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இரண்டு கணக்கும் சேர்ந்து ஒரே அணி. அந்தத் தோட்டத்துத் துரையும் நம் துரையும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்களாம், அவருக்குத்தான் பதவி உயர்வு முதலில் கிடைத்ததாம். ஆகவே நம் துரை பயிற்சிக்கு இடைஞ்சல் என்று மண் பைகளை எல்லாம் அப்புறப்படுத்தச் சொல்லி, நாளைக்குக் கொழுந்து லொறியையும் தருகிறார். முன் சீட்டில் நான் போகிறேன். நீ ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம். அந்தப் பையன் உன்னைத் தேடி வந்து கேட்டால், கொர்வாய் உனக்குப் பெரியப்பா முறை என்று அடித்துச் சொல். எனக்கு அவர் என்ன முறை என்பதை நான் அங்கே போய்ப் பேசிக்கொள்கிறேன்.